சேவ் பண்ணினால் செத்துப்போகும் கொம்பியூட்டர்

போன கிழமை மகன் புது லப்டொப் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். பழக்கதோஷத்தில் காதை வைத்துப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. "என்னம்மா செய்றீங்க, இதுக்குள்ள சுத்துறதுக்கு ஒண்டுமில்ல" என்று சிரித்தான். சிரிக்கட்டும். ஹார்ட் டிஸ்க்கின் சத்தத்தைக் கேட்டே ஒரு கலியாணத்தைக் காப்பாற்றினவள் நான். நம்பாவிட்டால் இருந்து கேளுங்கள்.

சண்டைக் காலம். மட்டக்களப்பு டவுனில் ஒரு சின்ன அச்சகத்தில் எனக்கு டைப் செய்கிற வேலை. மை மணமும் மண்ணெண்ணெய் மணமும் எத்தனை தரம் முழுகினாலும் தலைமயிரை விட்டுப் போகாது. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் தள்ளியே இருப்பார்கள். எனக்கு அதுவும் ஒரு வசதிதான். கடையில் இருந்தது ஒரேயொரு கொம்பியூட்டர். கரண்ட் நினைத்த நேரம் போகும் என்பதால் பக்கத்தில் ஒரு கிழட்டு யூபிஎஸ். முதலாளி சிவலிங்கம் அண்ணன் முன்பு வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற இஞ்சின் வைத்திருந்தவர். இடைக்கிடை நிற்பாட்டி ஆறவிடாவிட்டால் எந்த மிசினும் எரிந்துபோகும் என்பது அவருடைய கொள்கை.

கொஞ்ச நாளாக அந்தக் கொம்பியூட்டருக்கு ஒரு வருத்தம். டைப் செய்து முடித்து சேவ் கொடுத்தால் யூபிஎஸ் கீச்சென்று கத்தும், திரை இருண்டுவிடும், அடித்ததெல்லாம் போய்விடும். எப்போதும் அல்ல, சில நேரம்தான். அதுதான் பெரிய கொடுமை.

அப்படியொரு காலையில்தான் கரடியனாற்றிலிருந்து ஒரு தாய் வந்தா, மகளையும் தன் அண்ணனையும் கூட்டிக்கொண்டு. மகளுக்குக் கலியாணக் கார்ட் அடிக்க வேண்டும், சோதனைச்சாவடி பூட்டுவதற்கு முன் கையோடு கொண்டுபோகவும் வேண்டும்.

பெண் வீட்டார் பெயர்களை மளமளவென்று அடித்தேன், சேவும் ஆகிவிட்டது. மாப்பிள்ளையின் தகப்பன் பெயருக்கு வந்ததும் சண்டை தொடங்கியது. அவர் ஊர்க் கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர். பெயருக்கு முன்னால் அந்தப் பட்டத்தைப் போடத்தான் வேண்டும் என்றார் பெண்ணின் மாமா. "நம்மட பக்கத்தில ஒருத்தருக்கும் பட்டமில்ல, அவங்களுக்கு மட்டும் என்னத்துக்குகா?" என்றா தாய். பழைய காணிக் கதை, பந்தியில் யாரை யார் கவனிக்கவில்லை என்ற கதை, எல்லாம் வந்தது. கடைசியில் தாய் விட்டுக்கொடுக்க, பட்டத்தையும் மாப்பிள்ளை பெயரையும் அடித்து சேவ் கொடுத்தேன். கீச். இருட்டு.

திரும்ப அடித்தேன். அதே இடத்தில் அதே சண்டை, அதே கீச்.

தாயின் முகம் மாறிவிட்டது. "பொண்ணுட பேரை ஏத்துது, மாப்பிள்ளைட பேரை ஏத்துதில்ல. இது நல்லதுக்கில்ல. இந்தக் கலியாணம் வேணாம், எழும்புங்க போவம்" என்றா. வாங்குப் பலகையில் இருந்த அந்தக் கலியாணப் பெட்டை, "அக்கா, இன்னொருக்கா அடிச்சிப் பாருங்க" என்றாள். குரல் உடைந்துவிட்டது. அவளுக்கு அந்தப் பொடியன்தான் வேண்டும் என்று யாரும் சொல்லித் தெரியத் தேவையில்லை.

"ஒரேயொருக்கா" என்று கெஞ்சி இருத்திவிட்டு, கொம்பியூட்டரைத் திரும்பப் போட்டேன். மூன்று பேரும் உம்மென்று இருந்தார்கள். கடையில் வேறு சத்தமில்லை. அதனால்தான் கேட்டது: நான் எதையும் தொடாமலே, உள்ளே சுழன்றுகொண்டிருந்த டிஸ்க் மெல்ல இறங்கி, டிக் என்று நின்றது.

அட!

கொம்பியூட்டரை நிற்பாட்டித் திரும்பப் போட்டு, செட்டிங்கில் கரண்ட் மிச்சம் பிடிக்கிற பக்கத்தைத் திறந்தேன். மூன்று நிமிஷம் வேலை இல்லாவிட்டால் ஹார்ட் டிஸ்க்கை நிற்பாட்டு என்று போட்டிருந்தது. சிவலிங்கம் அண்ணன்! இஞ்சினுக்குக் கொடுத்த ஓய்வை இதற்கும் கொடுத்திருக்கிறார், புண்ணியவான். மற்றதெல்லாம் ஓடிக்கொண்டிருக்க, நின்ற டிஸ்க்கும் மறுபடி சுற்றத் தொடங்கும்போது இழுக்கிற கரண்டை அந்தக் கிழட்டு யூபிஎஸ் தாங்காது. ஒருபோதும் நிற்பாட்ட வேண்டாம் என்று மாற்றினேன்.

"நீங்க சண்டை பிடிக்க அது நித்திரையாப் போயிட்டு, அவ்வளவுதான்" என்றேன். தாய் நம்பவில்லை. "அப்ப இன்னொருக்கா சண்டை பிடியுங்க, மறுகா பாப்பம்." கேட்டுச் சண்டை வருமா? பெட்டைதான் மெல்லச் சொன்னாள், "அம்மா, அந்தப் பட்டத்தைப் பெரிய எழுத்தில போடுவமா?"

பற்றிக்கொண்டது! காணி, பந்தி, எல்லாம் மறுபடி. நான் நன்றாக நேரம் விட்டு, மாப்பிள்ளை பெயரை அடித்து, கண்ணை மூடிக்கொண்டு சேவ் கொடுத்தேன்.

"ஏத்திட்டுகா!" என்று தாய் போட்ட சத்தத்தில் தேத்தண்ணிக் கடைக்காரர் ஓடிவந்து எட்டிப் பார்த்தார். பெட்டை என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். எனக்கென்றால் தலைகால் தெரியவில்லை. அன்று முழுக்கப் பெரிய எஞ்சினியர் நடைதான்.

கலியாணத்துக்கும் போனேன். சாவடியில் எங்கே போகிறாய் என்று கேட்டதற்கு நான் அடித்த கார்ட்டையே நீட்டினேன். தமிழ் தெரியாத ஆமிக்காரன் குத்துவிளக்குப் படத்தைப் பார்த்துவிட்டுப் போகவிட்டான். பந்தியில் தாய் என்னைக் காட்டி, "இந்தப் புள்ளதான் மாப்பிள்ளைட பேரை ஏத்தினது" என்று ஊருக்கெல்லாம் சொன்னா.

அச்சகம் இருந்த இடத்தில் இப்போது போன் கடை. சாவடி இருந்த இடத்தில் பஸ் வேகத்தைக்கூடக் குறைப்பதில்லை. கலியாணக் கார்ட் போனில் படமாக வருகிறது; யாருக்கு என்ன பட்டம் போடுவதென்று வாங்கில் இருந்து சண்டை பிடிக்க ஆளில்லை. அந்தத் தாயும் போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டா. கடைசிக் காலத்தில் படுக்கையில் கிடந்தவவைத் தூக்கி இருத்தி, சோறு தீத்தி, குளிப்பாட்டிப் பார்த்தது அந்த மருமகன்தான்.