சாமியார் கொன்ற ஜாம்பிகள்

திங்கட்கிழமை காலைக்கு மேனேஜர் தலைப்பே இல்லாத மீட்டிங் ஒன்று போட்டிருந்தார். ஆளை வேலையை விட்டுத் தூக்கத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள். வேலை போனால் அமெரிக்க விசாவும் போகும். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் நான் மனத்தளவில் காப்பெல் ஊரில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, சென்னையில் ஆட்டோவுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். படபடப்பு அடங்கவில்லை. எனக்காக ஜெபிக்கச் சொல்லலாம் என்று எங்கள் சர்ச்சின் தமிழ்ச் சாமியார் வீட்டுக்கு ஓடினேன்.

உள்ளேயிருந்து "சாவுடா! சாவு!" என்று அவர் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஒல்லியான அந்த மனிதர், வெள்ளை அங்கியோடு, கண்ணாடி மூக்கு நுனிக்குச் சரிந்திருக்க, டிவியில் வீடியோ கேம் ஜாம்பிகளைச் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார். பூசையில் நற்கருணை அப்பத்தை அவ்வளவு மெதுவாக உயர்த்துகிற விரல்கள்!

"ஃபாதர்... நீங்களா?"

"இப்பத்தான் பாவசங்கீர்த்தனம் கேட்டுட்டு வந்தேண்ணே. ஜனங்க சொல்லி அழுத பாவத்தை யார்கிட்டயும் சொல்லக் கூடாது. எனக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்குல்ல? கொஞ்ச நேரம் இதை ஆடினாத்தான் அடுத்த ஆள் அழுறதைக் கேட்க முடியுது. உட்காருங்க."

இன்னொரு கன்ட்ரோலரை என் கையில் திணித்தார். நான் உடனே செத்தேன்.

"பதறாதீங்க. இதுல மூணு நாள் காத்திருக்க வேணாம். பட்டனை அமுக்குங்க, உயிர்த்தெழுந்துருவீங்க."

செத்துச் செத்து எழுந்ததில் மீட்டிங் மறந்தே போனது.

திங்கட்கிழமை வேலை போகத்தான் செய்தது. மறுபடி அவரிடம் ஓடி, எல்லாவற்றையும் கொட்டி அழுதேன். குறுக்கே பேசாமல் கேட்டார். விடைபெற்று நான் வாசலைத் தாண்டியதும் உள்ளே "சாவுடா!" என்று சத்தம்.

செத்தது என் பயமா, மேனேஜரா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.