வடிகட்டி முன்னாலா, பின்னாலா?

பிள்ளைகளே, சாய்ந்தமருதுக் கடற்கரைப் பக்கம் மின்சாமான் திருத்துகிற ஒருவர், கணினியோடு பொருத்திக் கேட்கும் ரேடியோ ஒன்றைத் தானே செய்துகொண்டிருந்தார். மெலிந்த மனிதர், காதில் செருகிய பென்சில். கடைக்கு யார் வந்தாலும் அதைப் பற்றியே கேள்வி கேட்பார்.

அன்று அவருடைய மச்சானின் படகு இரண்டு நாளாகக் கரைக்கு வரவில்லை. படகு வயர்லெஸ்ஸில் மச்சான் கதைத்தால் இந்த ரேடியோவில் பிடிக்கலாம் என்று பார்த்தார். பக்கத்துப் பாட்டு நிலையம்தான் எல்லாவற்றையும் மூடிக்கொண்டு இரைந்தது. மின்விசிறியைத் திருத்தக் கொடுக்கப் போன என்னையும் விடவில்லை; அண்ணன் முறையில் என்னை நானா என்றுதான் கூப்பிடுவார்.

"நானா, வேண்டாத நிலையத்தத் தடுக்கிற இந்த வடிகட்டிய, சத்தம் கூட்டுற சாமானுக்கு முன்னால போடுறதா, பின்னாலயா?"

"எனக்கென்ன தெரியும்? நான் ரொட்டிக் கடைக்காரன். மாவ அரிச்சிட்டுத்தானே குழைக்கிற."

"ஓம், அதான்!" என்று உடனே வடிகட்டியை முன்னால் மாற்றி ஒட்டத் தொடங்கினார்.

வேலை முடிகிற நேரம், இடுப்பில் கட்டிய ஈரச் சாரத்தோடு மச்சானே வாசலில் வந்து நின்றார்.

"மச்சான், வந்திட்டன்."

"சத்தம் போடாதங்க, உங்களத்தான் தேடுறன்!"

பிறகுதான் இவர் நிமிர்ந்தார். "அல்ஹம்துலில்லாஹ்" என்று கட்டிப்பிடித்தார். அடுத்த மூச்சில், "ஒருக்காப் படகுக்குப் போய் வயர்லெஸ்ஸில கதைங்க மச்சான்" என்றார்.

ஏசிக்கொண்டே மச்சான் போனார். சற்று நேரத்தில் அதே ஏச்சு ரேடியோவில் தெளிவாகக் கேட்டது. இவர் அழுதுவிட்டார். மச்சான் வந்ததற்கா, வடிகட்டி வேலை செய்ததற்கா என்று எனக்கு இன்றும் தெரியாது.