ஒட்டிக்கொண்ட கெண்டி

மண்பாண்ட வகுப்பில் எல்லோரும் அவளைப் பம்பரம் என்றுதான் கூப்பிட்டார்கள். இரண்டு நாற்காலி போட்ட ஒரு சின்ன முடி திருத்தும் கடை அவளுக்கு இருந்தது. ஒருவருக்குத் தலையை அலசிவிட்டுக்கொண்டே அடுத்தவரிடம் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கேட்பாள். பதில் வருவதற்குள் தரையில் கிடக்கும் முடியைக் கூட்ட ஆரம்பித்திருப்பாள். வீட்டில் கட்டிலுக்கு அடியில் பாதி பின்னிய ஸ்வெட்டரும் தந்தி அறுந்த கிட்டாரும் கிடந்தன. வார இறுதியில் மண்பாண்ட வகுப்புக்குப் போகப் போகிறேன் என்று அவள் சொன்னபோது, மருந்துக் கடையில் வேலை பார்க்கும் அவள் கணவர் சிரித்தார்.

"கால்ல சக்கரத்தக் கட்டிக்கிட்டு அலையிறது பத்தாதுன்னு, இப்ப கைக்கும் ஒண்ணா?"

ஆனால் மண் அவளைப் பிடித்துக்கொண்டது. சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தால் கையில் ஈர மண் எழும்பி வருவதே போதுமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் கஷ்டம். செய்ததைப் பிளாஸ்டிக் தாளால் மூடி மெதுவாக உலரவிட வேண்டும். உலர்ந்ததைச் சூளையில் ஒருமுறை சுட வேண்டும். கிளேஸ் பூசி மறுபடி சுட்டால்தான் மேலே கண்ணாடி போல மினுமினுப்பு படியும். எல்லாருடைய சாமானும் சேர்ந்து உள்ளே அடுக்குத் தட்டுகள் நிறைந்தால்தான் சூளையையே மூட்டுவார்கள். "ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கல" என்று கணவர் சொல்வது வழக்கம். சமையலுக்குச் சொன்னது, இப்போது மண்ணுக்கும் பொருந்தியது.

அந்தச் சமயத்தில்தான் வெளியூரில் வேலை பார்க்கும் மகள் போன் செய்தாள். அடுத்த மாதம் வருவதாகவும், தான் கட்டிக்கொள்ளப் போகிறவரையும் கூட்டி வருவதாகவும் சொன்னாள். பம்பரம் சந்தோஷத்தில் மேலும் மேலும் கேள்வி கேட்டாள். மகள் எதற்கும் நேராகப் பதில் சொல்லவில்லை.

"நீ நினைக்கிற மாதிரி இருக்க மாட்டார்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அந்த ஒரு வாக்கியம் அவளைப் போட்டுப் படுத்தியது. வேலை இல்லாதவனா? குடிப்பவனா? திரும்பக் கூப்பிட்டுக் கேட்கப் பயமாக இருந்தது. கேட்காமலும் இருக்க முடியவில்லை. வீட்டில் திரைச்சீலையைக் கழற்றித் துவைத்தாள், அலமாரியை இடம் மாற்றினாள், மறுநாள் பழைய இடத்துக்கே தள்ளினாள். கடைசியில், வருகிறவருக்குத் தன் கையால் செய்த, மூக்கு வைத்த கெண்டியில்தான் டீ ஊற்றுவது என்று முடிவு செய்தாள்.

கெண்டி லேசான வேலையில்லை. வயிறு தடிமன், மூக்கு மெல்லிசு. இரண்டும் ஒரே வேகத்தில் காயாது. அவளுக்கோ நாள் நெருங்குகிறது. கடையிலிருந்து முடி உலர்த்தும் டிரையரைக் கொண்டுபோய்க் கெண்டியின் மேல் சூடாகக் காற்றடித்தாள். மூக்கு விறுவிறுவென்று வெளுத்தது. வயிறு இன்னும் கறுப்பாக ஈரத்தோடு இருந்தது. மறுநாள் பார்த்தால், மூக்கு சேரும் இடத்தில் முடி அளவுக்கு ஒரு விரிசல். முடியைப் பற்றி அவளுக்குத் தெரியாததா? மண்ணைக் குழைத்து அப்பினாள். முதல் சூட்டில் விரிசல் மறுபடி வாயைத் திறந்தது. அதை மறைக்கப் பச்சை கிளேஸைப் பூச்சின்மேல் பூச்சாகத் தடவினாள்.

சூளையைப் பார்த்துக்கொள்ளும் பெண் அன்று தட்டுகளை அடுக்கி முடித்திருந்தாள். இனி இடமில்லை, அடுத்த முறை வைக்கலாம் என்றாள். அவள் போன் பேச வெளியே போன நேரம் பார்த்து, பம்பரம் மேல்தட்டில் ஒரு நீலக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கெண்டியைச் செருகிவிட்டாள். இரண்டுக்கும் நடுவே விரல்கூட நுழையாது.

சூளை ஆறித் திறந்தபோது, தடித்த கிளேஸ் உருகி மூக்கு வழியே ஓடி, கெண்டியும் கிண்ணமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

அந்தக் கிண்ணம் வகுப்புக்கு வரும் பஸ் டிரைவருடையது. ஆள் நிதானம். மனதுக்குப் பிடிக்காததையெல்லாம் திரும்பப் பிசைந்து மண்ணாக்கிவிடுவார். சூளை வரைக்கும் அவர் விட்ட முதல் சாமான் அதுதான். ஒட்டியிருந்த இரண்டையும் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ண ஒடைச்சாத்தான் ஒண்ணு நிக்கும் தங்கச்சி" என்றார். "உங்க வீட்டுக்கு ஆள் வர்றாங்கன்னு சொன்னீங்கல்ல."

முடிவை அவளிடம் விட்டு, இரண்டையும் அவள் முன்னால் வைத்தார். உளியும் சுத்தியும் மேஜையில் இருந்தன. எதையும் யோசிக்குமுன் செய்துவிடுகிறவள், அன்று உளியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு தன் கெண்டியின் மூக்கில் வைத்துத் தட்டினாள். மூக்கு தெறித்து விழுந்தது. கிண்ணத்தின் விளிம்பில் ஒரு சில்லு போயிருந்தது, பச்சைத் திட்டு ஒன்று ஒட்டியே நின்றது. மன்னிச்சிருங்கண்ணே என்றாள். அவர் திட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"வலிக்கத்தான் செய்யுது" என்றார். "இனிமே உங்க சாமானை என் சாமான் பக்கத்துல வைக்காதீங்க."

மகள் வந்தாள். கூட வந்தவர் நல்ல உயரம், தணிந்த குரல். பம்பரத்தின் கண் முதலில் போனது அவர் தலைக்கு. காது ஓரத்துத் தோலில் கறுப்புச் சாயம் திட்டுத் திட்டாக அப்பியிருந்தது.

"யாரு தம்பி உங்களுக்கு டை அடிச்சது?" என்று வாய் முந்திக்கொண்டது.

மகள் முகம் சிவந்தது. அவள்தான் முந்தின நாள் அடித்துவிட்டாளாம்.

கண்ணாடித் தம்ளரில் டீ கொடுத்த கையோடு பம்பரம் அவரைத் தன் கடைக்குக் கூட்டிப் போனாள். அதைச் சரி செய்யாவிட்டால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தில் துணி கட்டிய பிறகு எல்லோரும் பேசிவிடுவார்கள் என்பது அவள் அனுபவம். அவரும் பேசினார். மகளைவிடப் பன்னிரண்டு வயது பெரியவர். முன்பு ஒரு கல்யாணம் நடந்து முறிந்திருந்தது. கத்தரி நின்றது.

"அவளுக்குத் தெரியுமா?"

"முதல் நாளே சொல்லிட்டேன். உங்ககிட்ட சொல்லத்தான் அவளுக்குப் பயம்."

"நான் என்ன பேயா பிசாசா?"

அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். சொல்லலாமா என்று யோசிப்பது தெரிந்தது.

"பாதி கேட்டதுமே நீங்க முடிவு பண்ணிருவீங்களாம். மீதிய யாரும் சொல்லவே முடியாதாம்."

அவளுக்குச் சுருக்கென்றது. கூட்டுவதற்குத் தரையில் முடி கிடந்தது, கழுவுவதற்குச் சீப்புகள் கிடந்தன. அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "சரி, மீதியச் சொல்லுங்க" என்றாள். அவர் மெதுவாகத்தான் சொன்னார். நடுவில் கேள்விகள் நாக்கு நுனிவரை வந்தன. மடியில் கையைப் பிசைந்துகொண்டு கடைசிவரை கேட்டாள். கேட்டு முடித்தும் மனம் நிம்மதியாகிவிடவில்லை. பன்னிரண்டு வயது பன்னிரண்டு வயதுதான். ஆனால் ஆள் மறைக்கிறவர் இல்லை என்பது தெரிந்தது. தோலில் அப்பிய சாயத்தைத் துடைத்து, சாயம் ஏறிய முடியை ஒட்ட வெட்டி, அது பிடிக்காத நரையை நரையாகவே விட்டு அனுப்பினாள்.

அவர்கள் ஊருக்குத் திரும்பிய அன்று இரண்டு முறை மகளைப் போனில் கூப்பிட்டு, பஸ் ஏறிவிட்டார்களா என்று கேட்டாள். பிறகு கணவரிடம் அந்த வயது வித்தியாசத்தைப் பற்றிப் பேசினாள், அவர் தூங்கிவிட்ட பிறகும் பேசினாள்.

அந்த வருஷக் கடைசியில் கல்யாணம் பதிவானது. பம்பரம் இன்னொரு கெண்டி செய்தாள், அதுவும் வெடித்தது. அதற்கடுத்தது முழுசாக வந்தது. ஊற்றினால் மூக்கிலிருந்து பாதி, வயிற்றோரமாகப் பாதி வழிகிறது. மகள் அதைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். இப்போது வகுப்பில் ஒரு பெரிய ஜாடி பிளாஸ்டிக் தாளுக்குள் காய்ந்துகொண்டிருக்கிறது. பம்பரம் கடைக்குப் போகும் வழியில் நுழைந்து, தாளைத் தூக்கி, ஜாடியின் வயிற்றில் புறங்கையை வைத்துப் பார்க்கிறாள். இன்னும் குளிர்ச்சியாக இருக்கிறது, ஈரம் போகவில்லை. தாளை மூடிவிட்டு, வாசல்வரை போய், இன்னொரு தடவை தொட்டுப் பார்க்கத் திரும்பி வருகிறாள்.