முனிராஜு சொல்ல வேண்டிய நம்பர்

விதி எளிமையானது. சரக்குப் பெட்டிகளை எஞ்சின் தள்ளுவதற்கு முன், லைனின் மறுகோடியில் நிற்பவர் தண்டவாளத்தில் ஆள் இல்லை என்று போனில் உறுதி சொல்ல வேண்டும். வாய்ச்சொல் போதாது. கேபினில் இருப்பவர் முதலில் தன் நம்பரைச் சொல்லிக் கேட்பார்; மறுகோடிக்காரர் தன்னிடம் மட்டும் உள்ள தாளில் வரிசையில்லாமல் அச்சிட்ட பிரைவேட் நம்பர்களில் அடுத்ததைச் சொல்லி, அதைப் பேனாவால் அடித்துவிட வேண்டும். கேபினில் இருப்பவர் அதைப் பதிவேட்டில் எழுதிய பிறகே பச்சைக் கொடி காட்டலாம். நம்பர் வராவிட்டால் எதுவும் நகரக்கூடாது.

இதை முப்பத்தாறு வருடம் ஸ்டேஷன் மாஸ்டராகக் கடைப்பிடித்தேன். ஓய்வுக்குப் பின் ஓசூர் அருகே ஒரு தொழிற்சாலையின் சரக்கு லைனுக்கு ஆலோசகர் ஆனேன். ஆலோசகர் என்றால், சொல்வதற்குச் சம்பளம் உண்டு, கேட்பதற்கு ஆள் கிடையாது. அங்கே இந்த விதியைக் கொண்டுவந்தவன் நான். அதை மீறி ஒரு மனிதனை நசுக்கியவனும் நான்தான். கிருத்திகை விரதம் இருந்து இதைப் படிக்கும் முருக அன்பர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

அவன் பெயர் முனிராஜு. பக்கத்துப் பேரிகை ஊர்க்காரன். மறுகோடியில் பெட்டிகளை இணைக்கும் வேலை. நம்பர் தாளைக் கொடுத்த அன்று, "இன்னா சார் இது, லாட்டரியா? பரிசு விழுந்தா பாதி உங்களுக்கு" என்றான். ஆனால் ஒருநாளும் தவறவிட்டதில்லை.

மார்கழி பிறந்த முதல் வாரம், காலை பத்து மணி. அன்று கேபினில் நானே இருந்தேன். போனில் என் நம்பர் ஐம்பத்து மூன்றைச் சொல்லிவிட்டு முனிராஜுவின் நம்பருக்குக் காத்திருந்தேன்.

"இருங்க சார். ரெண்டு பேரு பெட்டிக்கடியில கீறாங்க. வெளிய அனுப்பிட்டு வந்து சொல்றேன்."

பக்கத்தில் நின்ற தயாரிப்பு மேலாளர் கத்தினார். "அவன் எப்பவுமே இப்படித்தான் சார். இதுக்குள்ள வெளிய வந்திருப்பாங்க. கொடியக் காட்டுங்க."

காட்டினேன். கை என்னுடையது. மேலாளர் அதைப் பிடித்து ஆட்டவில்லை.

இரும்புச் சுருள் ஏற்றிய பெட்டிகள் நகர்ந்தன. முனிராஜு அந்த இருவரையும் வெளியே தள்ளிவிட்டான். கடைசிப் பெட்டிக்கும் தடுப்புக்கட்டைக்கும் நடுவில் அவன் மாட்டிக்கொண்டான். இடுப்பு நொறுங்கியது. தலை இரும்பில் மோதிப் பிளந்தது. ஜல்லி முழுக்க ரத்தம். மூச்சு மட்டும் இருந்தது.

ஓடிப்போய்ச் சேர்ந்த என்னை, அதே லைனில் வேலை பார்த்த அவன் மச்சான் வெங்கடேசன் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கட்டையால் அடித்தான். முதல் அடியில் தோள் எலும்பு உடைந்தது. "நம்பரு கேப்பியே, எங்கடா நம்பரு? சொல்றா இப்ப" என்று சொல்லிச் சொல்லி அடித்தான். வாயில் மூன்று பல் போயிற்று. கேள்வி சரியான கேள்வி. அதனால் கையைத் தூக்கித் தடுக்கவில்லை.

மறுநாள் மேலாளர் என் வீட்டுக்கு வந்தார். "ஆஸ்பத்திரியில இருக்கிற அவன் சட்டைப் பையில நம்பர் தாள் இருக்கு சார். அதுல அடிக்காம இருக்கிற அடுத்த நம்பரைப் பார்த்து ரிஜிஸ்டர்ல எழுதிடுங்க. அவன் சொன்னான்னு ஆயிடும். அவன் பிழைக்கப்போறதில்லை."

வெட்கத்தோடு சொல்கிறேன், ஒரு மணி நேரம் யோசித்தேன். பிறகு பூஜை அறையில் முருகன் படத்தின் முன் உட்கார்ந்தேன். மூன்று பிரதியில் மனு எழுதிப் பழகியவன் நான். அன்று ஒரே வரிதான் வந்தது: அவன் நம்பரை அவனே சொல்லட்டும். பதிவேட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன். போலீசிடம் "நம்பர் வரவில்லை, கொடி காட்டினேன்" என்று எழுதிக் கொடுத்தேன். ஆலோசகர் வேலை அன்றே முடிந்தது.

தோளில் கட்டுடன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அவன் மனைவி லட்சுமி உட்கார்ந்திருந்தாள். மடியில் அவன் உடைகள் போட்ட பை.

"நீங்கதான கொடி காட்டுனது?"

"ஆமாம்மா."

"அப்ப எங்கியும் போவாதீங்க. அவரு கண்ணு தொறக்கிற வரைக்கும் இங்கியே உக்காந்து உங்க சாமியக் கூப்புடுங்க."

உட்கார்ந்தேன். தினமும் பார்வை நேரத்தில் ஐந்து நிமிடம் உள்ளே விட்டார்கள். அவன் காதருகே, "முனிராஜு, என் நம்பர் ஐம்பத்து மூன்று. உன் நம்பர் சொல்லு" என்பேன். வெளியே வந்து கந்தனை அழைப்பேன். வெங்கடேசன் எதிரே நின்று முறைப்பான். ஒருநாள் டீ வாங்கி வந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான்.

என் மேல் வழக்கு நடக்கிறது. நடக்கட்டும், அதுதான் முறை. பிறகு வேறொரு தொழிற்சாலை ஆலோசனைக்கு அழைத்தது. முதலில் என் வாக்குமூலத்தின் நகலைக் கொடுத்தேன். படித்துவிட்டும் வரச் சொன்னார்கள். அங்கே நான் கற்றுக்கொடுப்பது ஒன்றே: காத்திருங்கள். உங்களுக்கும் அதையேதான் சொல்வேன். முருகனிடம் மனுக் கொடுத்தவர்கள், பதிலை நீங்களே எழுதிக்கொள்ளாதீர்கள். அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். நிரப்புகிறவன் அவன்.

எனக்குப் பதில் வந்த விதம் இது. தொண்டைக் குழாயை எடுத்த மறுநாள், வழக்கம்போல என் நம்பரைச் சொன்னேன். உதடு அசைந்தது. குனிந்தேன்.

"எழுவத்தெட்டு... ஆள் இல்ல சார்."

லட்சுமி பையைத் திறந்து, ரத்தம் காய்ந்து ஒட்டிப்போன தாளைப் பிரித்தாள். அதில் அடிக்கப்படாமல் இருந்த அடுத்த நம்பர் எழுபத்தெட்டு. என் பேனாவை வாங்கி அவளே அதை அடித்தாள்.

அன்று தைக் கிருத்திகை.