பால் கொடுக்கும் நேரமும் ஐரோப்பாவின் வரியும்

நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் வினோதாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். கல்யாணத்துக்கு முன்பு கட்டுநாயக்கவில் கார்மென்ட் வேலை பார்த்தவள். அங்கே துணி வாங்கும் வெளிநாட்டு ஆட்கள் வந்து, எல்லாம் சட்டப்படி நடக்கிறதா என்று கேள்வி கேட்டுத் துளைப்பார்கள். கைக்குழந்தைக்காரிக்கு வேலை நேரத்துக்குள் பால் கொடுக்க இரண்டு இடைவேளை தர வேண்டும், அதற்காகச் சம்பளம் வெட்டக் கூடாது என்பது இந்த நாட்டுச் சட்டம். அது அவளுக்கு அங்கேதான் தெரிந்தது.

சுதாகரனைக் கட்டிக்கொண்டு மலைக்குத் திரும்பி, பெண்பிள்ளையும் பிறந்த பிறகு பார்த்தால், அந்தச் சட்டம் மலையேறும் வழியிலேயே கினிகத்தேனையோடு பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டது போலிருந்தது! பத்து மணிக்குப் பால் கட்டி மார்பு வலிக்கும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்குப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வந்தால், வேலை வாங்கும் கண்டாக்கு நிரஞ்சன் அரைப்பேர்தான் போடுவார், அதாவது பாதி நாள் சம்பளம். ஐந்து மாதப் பிள்ளையோ புட்டிப்பாலுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு கதறும்.

அப்போதுதான் செய்தி வந்தது. ஐரோப்பாவிலிருந்து ஒரு குழு வருகிறது! நம் நாட்டுப் பொருட்களுக்கு அங்கே கிடைக்கும் வரிச் சலுகை தொடர வேண்டுமானால், தொழிலாளர் சட்டங்கள் புத்தகத்தில் இருந்தால் போதாது, நடப்பிலும் இருக்க வேண்டும். அதை நேரில் பார்த்துவிட்டுத்தான் கொழும்பில் பேச்சுக்கு உட்காரப் போகிறார்களாம்.

“இத விட்டா நமக்கு வேற நேரமே கெடைக்காது. கேட்டாங்கன்னா எல்லாரும் சொல்லணும்,” என்று தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய்ச் சொல்லி வைத்தாள் வினோதா. எல்லாரும் தலையாட்டினார்கள்.

தலையாட்டியவர்கள் செய்த வேலையைப் பாருங்கள்! விருந்தாளி வருகிறார்கள் என்றால் எங்கள் சனத்துக்குக் கை சும்மா இருக்காதே. வாசலெல்லாம் கோலம், வாழைமரம், தப்பு மேளம். மலைக்குப் போக வேண்டியவர்கள் கல்யாணச் சேலையோடு கூடையை மாட்டிக்கொண்டு நின்றார்கள். குழுவின் தலைவியான வெள்ளைக்கார அம்மாவின் கழுத்தில் மாலை விழுந்தது. ஏதாவது குறை இருக்கிறதா என்று அவர் கேட்டதை, மொழிபெயர்க்க வந்த யாழ்ப்பாணத்து ரோகினி டீச்சர் தமிழில் சொன்னார்.

முன்னால் நின்ற கொழுந்துக்காரி மீனம்மா பெரிய கும்பிடாகப் போட்டாள். “ஒன்னுமில்லைங்க, நல்லா இருக்கோங்க.”

மாலை போட்டு வரவேற்ற கையோடு வீட்டுக் குறையை எப்படிச் சொல்வது? வெட்கக்கேடு இல்லையா? மற்றவர்களும் அதையே சொன்னார்கள்.

வினோதா பல்லைக் கடித்தாள். அந்த நேரம் பார்த்து மார்பு கனத்து ரவிக்கை நனைந்தது. போனால் அரைப்பேர், போகாவிட்டால் பிள்ளை பட்டினி. வருவது வரட்டும் என்று கூடையை இறக்கிவைத்துவிட்டு விறுவிறுவென்று காம்பராவைப் பார்த்து நடந்தாள்.

கண்டாக்கு பழக்கதோசத்தில் கத்திவிட்டார். “ஏய், எங்க போற? கொழுந்து நிறுக்க முன்னாடி போனா அரைப்பேருதான்!”

தப்பு மேளம் நின்றது. வெள்ளைக்கார அம்மா திரும்பினார். தோட்டத்தை நடத்தும் துரை அவசரமாக டீச்சரிடம், “அதெல்லாம் சொல்ல வேணாம் மிஸ்,” என்றார்.

“சொல்லத்தானே ஐயா என்னைக் கூட்டிக்கொண்டு வந்தவை,” என்ற டீச்சர், ஒரு சொல் விடாமல் சொன்னார். அம்மா ஏதோ கேட்டார். “எங்க போறியள் எண்டு கேக்கிறா, பிள்ளை!” என்று டீச்சர் குரல் கொடுத்தார்.

“புள்ளைக்குப் பால் குடுக்கங்க!” வினோதா நிற்கவே இல்லை. “நாங்க அவங்க ஊரு சட்டத்த கேக்கலன்னு சொல்லுங்க மிஸ். எங்க நாட்டுச் சட்டத்தத்தான் கேக்கிறோம்!”

அவ்வளவுதான். “ஆமாங்க, எம் மருமகளுக்கும் அப்படித்தான் வெட்டுனாங்க!” என்று மீனம்மாவே ஆரம்பித்தாள். கல்யாணச் சேலைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் பேசின. டீச்சருக்கு மூச்சுவிட நேரமில்லை. கேட்கக் கேட்க என்ன ஆனந்தம்!

கொழும்புப் பேச்சில் அந்தக் குழு நம் சட்டத்தை நம் அரசாங்கத்துக்கே படித்துக் காட்டியதாம். துரைக்குப் போன் மேல் போன். மறுநாள் காலை, வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கண்டாக்கு தொண்டையைச் செருமினார்.

“பால் குடுக்கிறவங்க ரெண்டு தடவ போயிட்டு வரலாம். முழுப் பேரு உண்டு.”

பத்து மணிக்கு வினோதா நடக்கவில்லை, ஓடினாள். கூடவே இன்னும் மூன்று தாய்மார் சிரித்துக்கொண்டு ஓடினார்கள். மடியில் கிடந்த பிள்ளை அவசர அவசரமாக உறிஞ்சியது. ஐந்து மாதத்துக்குள் அதற்கும் அந்த அவசரம் பழகிவிட்டிருந்தது. வினோதாவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

“மெதுவாக் குடிடி,” என்றாள். “இன்னைக்கு யாரும் வெரட்ட மாட்டாங்க.”