சினியோராவுக்கு ஒரு பன்றிப் பிரட்டல்

அப்பா ஒரு நீலப் பிளாஸ்ரிக் பேசினோடு வீட்டுக்கு வந்த அந்த வெள்ளிக்கிழமையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வரும். யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அன்றும் அடுத்த இரண்டு நாளும் ஒருவரும் ஒருவரையும் ஏசவில்லை, ஒருவரும் அழவில்லை. அழுதிருந்தால் எல்லாரும் எப்போதோ மறந்திருப்போம்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா இத்தாலியில், மொண்டெல்லோக் கடற்கரைப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் வேலை செய்தார். தோட்டம், கார் கழுவுதல், மூன்று வேட்டை நாய்கள் எல்லாம் அவர் பொறுப்பு. அந்த வீட்டு முதலாளியைச் சினியோர் என்றும் மனைவியைச் சினியோரா என்றும் சொல்வோம். சினியோர் நவம்பர் பிறந்தால் கூட்டாளிகளோடு மலைக்கு வேட்டைக்குப் போவார். பேசினுக்குள் இருந்தது அவர் சுட்ட கிழட்டுக் காட்டுப்பன்றியின் கழுத்தும் விலாவும்.

"சினியோரா எங்களுக்கெண்டு தந்துவிட்டவ" என்றார் அப்பா. சொல்லிவிட்டுக் கை கழுவப் போனவர் நெடுநேரம் கழுவினார்.

அம்மாவுக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. இறைச்சிக்காக மட்டும் வந்த சந்தோசம் அல்ல. அம்மா பிரான்காச்சோவில் நாங்கள் குடியிருந்த மாடிக் கட்டடங்களில் படி கழுவிக்கொண்டிருந்தார். அந்த வேலைக்கு ஒப்பந்தம் கிடையாது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் அம்மாவின் பெர்மெசோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க ஏலாது, அது இல்லாவிட்டால் இந்த நாட்டில் இருக்கவும் ஏலாது. சினியோரா வீட்டுச் சமையல்காரி நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு மகளோடு போயிருக்கப் போகிறாள் என்று அப்பா ஒருநாள் வாய்தவறிச் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அம்மாவின் கண் அந்தக் குசினிமேல்தான். இப்போது அந்தச் சினியோராவே எங்களை நினைத்து இறைச்சி தந்துவிட்டிருக்கிறாரே!

ஊர்ப்பன்றியை வாசலுக்கும் எடுக்காத அம்மாவுக்குக் காட்டுப்பன்றி என்றால் கதை வேறு. வன்னிக் காட்டுப்பக்கம் பிறந்தவர். வெள்ளிக்கிழமை என்றபடியால் அன்று இறைச்சியைத் தொடவில்லை, குளிர்சாதனப்பெட்டியில் மூடி வைத்தார். சனி காலையில் அடுப்பை எரியவிட்டுத் தோலில் நின்ற மயிரைப் பொசுக்கிக் கத்தியால் வழித்தார். குண்டு பட்டுக் கறுத்த சதையை வெட்டி எறிந்தார். எலும்புச் சிதறல் இருக்கிறதா என்று ஒவ்வொரு துண்டாக விரலால் தடவிப் பார்த்தார். மஞ்சளும் உப்பும் போட்டுப் பிசைந்து, தண்ணீர் தெளியும்வரை கழுவினார். கிழட்டு ஆண்பன்றி, மொச்சை நாற்றம் போக முதல் அவித்த தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். பிறகு இஞ்சி, உள்ளி, மிளகு, கறுவா, வினாகிரி, ஊரிலிருந்து வந்த மிளகாய்த்தூள். மத்தியானம் வரும்போது அந்த மணம் கீழ்மாடிவரை இறங்கிவிட்டது. நாங்கள் மூவரும் விரலைச் சூப்பிச் சாப்பிட்டோம். இன்னொரு துண்டுக்கு நான் கையை நீட்ட, அகப்பைக் காம்பால் ஒன்று விழுந்தது. நல்ல துண்டெல்லாம் சினியோராவுக்காம்.

"பேசினை நான் கொண்டுபோறன், நீர் விடும்" என்றார் அப்பா.

"வெறும் பேசினையோ? சாமான் தந்துவிட்ட ஏனத்தை வெறுமனே திருப்பிக் குடுத்தால் எங்களை என்ன சனமெண்டு நினைப்பினம்?"

மறுநாள் அப்பா வேலைக்குப் போகும்போது பேசினைத் தேடியிருக்கிறார். அம்மா அதைத் தேசிக்காய் போட்டுத் தேய்த்துக் கட்டிலுக்குக் கீழே ஒளித்து வைத்திருந்தார்.

அப்பா போனபிறகு அம்மா சேலை உடுத்தார். வியா மக்வேதாக் கடைத்தெருவில் வாங்கி ஒருநாளும் பாவிக்காத நீலப்பூப் போட்ட பீங்கான் கோப்பையில் பிரட்டலை வைத்து, அதை அந்தப் பேசினுக்குள் பக்குவமாக வைத்துத் துணியால் கட்டினார். அங்கே பேசித்தர நான். 'என் அம்மா நன்றாகச் சமைப்பார், உங்கள் வீட்டில் வேலை செய்ய விருப்பம்' என்பதை இத்தாலியனில் ஆக்கி பஸ்ஸில் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். அம்மாவுக்கு அதில் பாதி விளங்கும். மீதிக்கும் சேர்த்துத் தலையாட்டினார்.

கேற்றைத் திறந்ததும் மூன்று நாய்களும் எங்களை நோக்கி ஓடி வந்தன. குரைக்கவில்லை. அம்மாவைச் சுற்றி நின்று, பேசினைப் பார்த்து வாலை ஆட்டின. குழாயோடு நின்ற அப்பா எங்களைக் கண்டார். தண்ணீர் அவருடைய சப்பாத்தின்மேல் ஓடிக்கொண்டிருந்தது.

சினியோரா படியிறங்கி வந்தார். நல்ல மனுசி, சிரித்த முகம். "அட, இது எங்கள் நாய்களின் பேசின் அல்லவா?" என்று என்னிடம் கேட்டார். பிறகு அப்பா பக்கம் திரும்பினார். "வெள்ளிக்கிழமை நாய்களுக்கு அவித்துப் போடச்சொல்லி இதில்தானே இறைச்சி தந்தேன்? போட்டாயா?"

அப்பா குனிந்து குழாயை மூடினார். நான்தான் வாயைத் திறந்தேன். ஒரு சொல்லும் விடாமல் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். எனக்கு அதில் அப்படியொரு பெருமை.

அம்மா அப்பாவைப் பார்த்தார். பிறகு என்னிடம், "அதுதான் இது எண்டு சொல்லு. நாயளுக்கு அவிச்சுக் கொண்டு வந்தனாங்கள் எண்டு சொல்லு" என்றார்.

"அம்மா, இது சினியோராவுக்கெல்லோ?"

"சொன்னதைச் சொல்லு, பிள்ளை."

சொன்னேன். அம்மா சேலையை ஒதுக்கிக் குந்தியிருந்து, துணியை அவிழ்த்து, கோப்பையிலிருந்த பிரட்டல் முழுவதையும் பேசினுக்குள் கொட்டினார். விரலால் வழித்தும் போட்டார். எனக்குத் தராத துண்டுகள்! நாய்கள் விழுந்து தின்றன. உறைப்பில் தும்மின, தண்ணீருக்கு ஓடின, திரும்பி வந்து தின்றன. சினியோரா கண்ணில் நீர் வரச் சிரித்தார். அம்மா சொன்னதை அவர் நம்பினாரா, அப்பாவைக் காப்பாற்றுவதற்காக நம்பியதுபோல இருந்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எதுவாக இருந்தாலும் அவர்மேல் எனக்கு மனம் ஆறவில்லை.

அம்மா போவோம் என்று என் கையைப் பிடித்தார். பாடமாக்கிய வசனத்தை வீணாக்க எனக்கு மனமில்லை. சினியோராவின் முகத்தைப் பார்த்து ஒரே மூச்சில் ஒப்புவித்தேன்.

சினியோரா அம்மாவைப் பார்த்தார், நாய்கள் நக்கிச் சுத்தமாக்கிக்கொண்டிருந்த பேசினைப் பார்த்தார். "நல்லது. குசினிக்கு ஆள் பார்த்தாயிற்று. ஆனால் உன் அப்பாவுக்கு நாய்களுக்குச் சமைக்க வராது. அம்மா வந்து சமைக்கட்டும், கூட்டையும் கழுவட்டும். ஒப்பந்தம் போட்டுத் தருகிறேன். காரம் மட்டும் வேண்டாம்."

நான் துள்ளினேன். "அம்மா, வேலை கிடைச்சிட்டுது! கொன்ராத்தோவும் தருவாவாம்! நாயளுக்குச் சமைக்கிறதாம்!"

அம்மா கொஞ்ச நேரம் கோப்பையைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். "ஓம் எண்டு சொல்லு" என்றார். நன்றியை மட்டும் அவரே இத்தாலியனில் சொன்னார்.

அந்த ஒப்பந்தத்தில்தான் அம்மாவின் பெர்மெசோ புதுப்பிக்கப்பட்டது. அதில்தான் நான் இங்கே படித்தேன், ஆளானேன். அம்மா அந்த வீட்டு நாய்களுக்கு, அவற்றின் குட்டிகள் கிழடாகும்வரை சமைத்தார். எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு காட்டிறைச்சி ஏறியதில்லை.

அன்று அப்பாவின் வேலை முடிய மூவருமாகத் திரும்பினோம். மொண்டெல்லோ கடற்கரையில் நவம்பரிலும் ஐஸ்கிறீம் விற்பார்கள். வேலை எடுத்துக் கொடுத்தவள் நான், எனக்கு ஒன்று வாங்கித் தரச்சொல்லி அடம்பிடித்தேன். இருவர் காதிலும் அது விழவில்லை. பஸ்ஸில் என்னை நடுவில் இருத்தினார்கள்.

நகரத்தை நெருங்கும்போது அப்பா மெதுவாகச் சொன்னார். "அது நல்ல இறைச்சி. எறியிற இறைச்சி இல்லை."

"ஓம்" என்றார் அம்மா, ஜன்னலைப் பார்த்தபடியே. "நல்லாத்தான் இருந்தது."

அவர்கள் இறைச்சியைப் பற்றித்தான் கதைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, ஐஸ்கிறீம் வாங்கித் தராத கோபத்தில், நான் இருவரோடும் கதைக்காமல் வந்தேன்.