காதில் விழுந்த பாட்டு

ஒன்பது இருபது மினி பஸ் வந்து நிற்கிறது. ஜன்னலோர இருக்கையே காலியாக இருக்கிறது. ஆனாலும் கிருபாநிதி ஏறவில்லை. ஒயர் கூடையைக் காலருகே வைத்துவிட்டு, வேறு எதற்கோ காத்திருக்கிறவர் போலப் பழைய பேருந்து நிலையத்தின் கூரையை ஆராய்கிறார். ஒன்பது நாற்பது வண்டி வந்ததும் முண்டியடித்து ஏறுகிறார். வலப்பக்கம் மூன்றாவது வரிசை, ஸ்பீக்கருக்கு நேர் கீழே. அந்த இடம் கிடைக்காத சனிக்கிழமைகளில் தருவைகுளம் வரை நின்றுகொண்டே வருவார். நிற்பதும் ஸ்பீக்கருக்கு நேர் கீழேதான்.

வீட்டில் நல்ல மோட்டார் சைக்கிள் இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் பதினைந்து கிலோமீட்டர் பஸ்ஸில் போய் மீன் வாங்கிவரும் மர்மம் அவர் மனைவி தேவகனிக்கு இன்னும் விளங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரனான என்னிடம் முறையிடுவார். "இங்கன திரேஸ்புரத்துல துள்ளத் துடிக்க மீன் கெடக்கு. இவுக தருவைகுளம் வரைக்கும் போயி காரப்பொடி மீனு வாங்கிட்டு வாராக. கேட்டா ருசி வேறயாம். ரெண்டும் ஒரே கடல்தான அண்ணே?" நான் என்ன சொல்ல? எனக்கு மர்மம் தெரியும். சொல்லக் கூடாது என்று எனக்குக் கட்டளை.

கிருபாநிதிக்கு ஐம்பத்து மூன்று வயது. நாசரேத்துக்காரர். அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூட வாத்தியார்கள் என்பதால் பேச்சில் எப்போதும் கொஞ்சம் சாக்பீஸ் தூள் இருக்கும். துறைமுகத்துக்கு வெளியே ஒரு கண்டெய்னர் யார்டில் ரீஃபர் மெக்கானிக். உறைந்த மீனும் இறாலும் கப்பலுக்குக் காத்திருக்கும் குளிர்பெட்டிகள் வரிசையாக உறுமிக்கொண்டு நிற்கும் இடம் அது. மைனஸ் பதினெட்டு டிகிரி கூடாமல் குறையாமல் இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. மற்றவர்கள் திரையில் எண்ணைப் பார்ப்பார்கள். இவர் பெட்டியின் முதுகில் காதை வைப்பார். "இவன் மூச்சு ஒழுங்கா விடலவே. சாயங்காலத்துக்குள்ள படுத்துருவான்" என்பார். சாயங்காலத்துக்குள் அந்தப் பெட்டி படுத்துவிடும்.

அப்படிப்பட்ட காதுக்கு அவர் போடும் தீனி புரோக்ரெசிவ் ராக். தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த இசையில் ஒரு பாட்டு இருபத்து மூன்று நிமிடம் ஓடும். முதல் ஒன்பது நிமிடம் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். ஆர்கன் அழும், கிதார் கோபப்படும், தாளம் ஏழில் போய்க்கொண்டிருக்கும்போதே ஐந்துக்குத் தாவும். நாம் காலைத் தட்டினால் தப்பாகத்தான் விழும். "இது பாட்டு இல்லவே, பிரயாணம்" என்பது அவர் கட்சி. "எங்க போயிச் சேருதோம்னு கடைசி வரைக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா அது தாலாட்டு." சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிற பையன் முன்பே பதிந்துவைத்த தாளத்தைப் பொத்தானில் தட்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், பாவமன்னிப்பு வேளையிலும் அவருக்குக் கோபம் வரும்.

இந்தப் பித்துக்கு அவரை முதலில் இழுத்தவர் சிவசுப்பிரமணியன். பாளையங்கோட்டையில் கல்லூரி விடுதி அறைத்தோழர். ஏரல் பக்கம் நெல்லும் வாழையுமாக இருந்த குடும்பம். இப்போது ஏரலில் உரக்கடை வைத்திருக்கிறார். கப்பல் வேலைக்காரர் ஒருவரிடமிருந்து சிவசுப்பிரமணியன் கொண்டுவந்த ஒரு கேசட்டை இருவரும் ஒரு மழைக்காலம் முழுவதும் கேட்டார்கள். அது அறுந்து, நகச்சாயம் தடவி ஒட்டி, மறுபடியும் கேட்டார்கள். அதன்பின் முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் ஒருவர் கல்யாணத்தில் ஒருவர் நின்று, ஒருவர் வீட்டுத் துக்கத்தில் ஒருவர் தூங்காமல் கிடந்து, சண்டை என்றால் இசைச் சண்டை மட்டும்தான்.

அவர்கள் இருவரும் ஆரம்பித்ததுதான் ஞாயிற்றுக்கிழமைச் சபை. கிருபாநிதிக்குக் காலையில் சர்ச்சில் ஒரு சபை, மாலை நான்கு மணிக்கு ஒரு சபை. பல் மருத்துவர் பெவின் வீட்டு மாடியில் கூடுவார்கள். இழுவைப் படகில் இன்ஜின் பார்க்கும் மரியானோடு சேர்த்து நான்கு பேர். வாரத்துக்கு ஒருவர் முறைவைத்து இசை கொண்டுவர வேண்டும். விதிகள் கடுமையானவை. பாட்டு ஓடும்போது பேசக் கூடாது. செல்போன் கீழே செருப்போடு கிடக்க வேண்டும். தின்ன முந்திரி மக்ரூன் உண்டு, ஆனால் கடிக்கக் கூடாது, சத்தம் வரும். நாக்கில் வைத்துக் கரைக்கலாம். நான் இரண்டு முறை விருந்தாளியாகப் போனேன். முதல் முறை பதினோராவது நிமிடத்தில் தூங்கிவிட்டேன். இரண்டாம் முறை மக்ரூனைக் கடித்துவிட்டேன். மூன்றாம் முறை என்னைக் கூப்பிடவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு, சிவசுப்பிரமணியன் முறை. அவர் போட்டது பழைய தமிழ்ப் படக் காதல் பாட்டு. ஒரு காலத்தில் எல்லா மினி பஸ்களிலும் கேட்டது, இன்றும் கேட்கிறது. புல்லாங்குழல், ஒரு பெண்குரலின் ஹம்மிங், காதலி வராததால் நிலாவைத் திட்டும் ஒருவன். "ரெண்டாவது சரணத்துக்கு முன்னால வயலின் வரும். அதுக்கு மட்டும் பொறுங்கடே" என்றாராம் அவர். கிருபாநிதி பொறுக்கவில்லை. முதல் சரணம் முடிந்ததும் எழுந்துபோய் நிறுத்திவிட்டார். நிறுத்தியதோடு விட்டிருக்கலாம். "ஏலே, இது சபையா, மினி பஸ்ஸா?" என்று கேட்டிருக்கிறார். பெவினும் மரியானும் சிரித்திருக்கிறார்கள். முப்பது வருட நண்பன் சொன்னதைவிட, மற்ற இருவரும் சிரித்ததுதான் சுட்டிருக்க வேண்டும். சிவசுப்பிரமணியன் கீழே இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டு, "நான் மினி பஸ்ஸுலயே போயிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் வரவில்லை.

"ரெண்டு வாரத்துல வந்துருவான்" என்றார் கிருபாநிதி. விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத பேர்வழி. இரண்டு வாரம் இரண்டு வருடமானது. சபை தொடர்ந்தது. யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. அதனால் ருசியும் இல்லை.

ஆனால் பாருங்கள், நிறுத்திய பாட்டு நிற்கவில்லை. இருபத்து மூன்று நிமிடத்தைக் கடைசிச் சொட்டு வரை கேட்டுப் பழகிய மனிதருக்குப் பாதியில் அறுத்த பாட்டு பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி ஆகிவிட்டது. யார்டில் குளிர்பெட்டியில் காதை வைத்தால் உள்ளே புல்லாங்குழல். அந்த வயலின் எப்படித்தான் இருக்கும் என்கிற அரிப்பு. ஒருநாள் வண்டி பஞ்சர், கிடைத்த ஒரு மினி பஸ்ஸில் ஏறினார். அந்தப் பாட்டு வந்தது. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வயலினும் வந்தது. இறங்க வேண்டிய இடம் மாப்பிள்ளையூரணி. இறங்கியது தருவைகுளம். வெறுங்கையோடு வீட்டுக்குப் போக முடியாமல் காரப்பொடி வாங்கிக்கொண்டு போனார். அன்று ஆரம்பித்ததுதான் இந்தச் சனிக்கிழமை மீன் வியாபாரம்.

என் மாமியார் வீடு தருவைகுளம். அங்கே போகும் வழியில்தான் அவரைப் பிடித்தேன். முதல் வாரம் கூடையைத் தூக்கிக் காட்டினார். இரண்டாம் வாரம் வானிலை பேசினார். மூன்றாம் வாரம் நானே கேட்டேன். அந்தப் பாட்டு போனிலேயே கிடைக்குமே, தட்டினால் வருமே, இதற்கா இவ்வளவு தூரம்?

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "போன்ல போட்டா நான் கேட்டதா ஆயிரும்வே. பஸ்ல ஓடுனா, அது காதுல விழுந்தது. ரெண்டும் ஒண்ணா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மறைத்துவிட்டு, சோறு தானாக வந்து மேலே விழுந்தது என்று சொல்கிறவரை அன்றுதான் பார்த்தேன்.

ஓட்டுநர் செந்தூர்வேலுக்கு இந்த விவரம் எல்லாம் எப்போதோ தெரியும். அவருடைய பென்டிரைவில் பாட்டுகளுக்கு ஒரு வரிசை உண்டு. ஒன்பது நாற்பது வண்டியில் அந்தப் பாட்டு மாப்பிள்ளையூரணி தாண்டி உப்பளம் தொடங்கும் இடத்தில் வரும். "அண்ணாச்சி அந்தப் பாட்டுக்குத்தான் வாராரு. ஆனா பாட்டு வந்ததும் மொகத்த வெளிய திருப்பிக்கிடுவாரு. உப்பத்தான் பாக்காராம்" என்று என்னிடம் கண்ணடித்தார். ஒருமுறை, "அண்ணாச்சி, ஒங்க பாட்ட முன்னாலயே போட்டுரட்டா?" என்று கேட்டுவிட்டார். கிருபாநிதி, "எந்தப் பாட்டு?" என்றார். அந்த முகத்தைப் பார்த்துச் சிரிக்காமலிருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

எல்லாம் வேடிக்கையாகத்தான் போய்க்கொண்டிருந்தது, போன மாதம் பத்திரிகை வரும்வரை. சிவசுப்பிரமணியனின் ஒரே மகளுக்குக் கல்யாணம். அவரும் மனைவியும் தாம்பாளத்தோடு பெவின் வீட்டுக்குப் போனார்கள். மரியான் வீட்டுக்கும் போனார்கள். கிருபாநிதி வீட்டுக்கு வரவில்லை. அவருக்கான பத்திரிகையை மரியானிடம் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் இதற்கு விளக்கவுரை தேவையில்லை. கூப்பிடாமலிருந்தால் கோபம் என்று அர்த்தம். ஆள்மூலம் கொடுத்தனுப்பினால், கோபத்தோடு ஊருக்காகக் கூப்பிட்டது என்று அர்த்தம்.

அந்தப் பிள்ளைக்குப் பெயர் தேடியபோது கூட இருந்தவர் கிருபாநிதி. அவள் சைக்கிள் பழகியது இவருடைய சைக்கிளில். தேவகனி திட்டவட்டமாகச் சொல்லிவிட்டார்: "நேர்ல வந்து கூப்புடாத வீட்டுக்கு எப்படிப் போக? நீங்க ஒரு வார்த்த பேசுங்க, அவுக ஒரு வார்த்த பேசட்டும். அப்புறம் மொத நாள் ராத்திரியே போயிக் கெடப்போம், நானே காய் நறுக்குதேன்."

அந்த ஒரு வார்த்தைதான் அவருக்கு வராது. என்னிடம் மூன்று நாள் ஒத்திகை பார்த்தார். "தப்பா எடுத்துக்கிடாத" என்று ஆரம்பிப்பார். "ஆனா நீயும் சபைல அதப் போட்டிருக்கக் கூடாதுல்லா" என்று முடிப்பார். அதற்குப் பேசாமலேயே இருக்கலாம் என்றேன். "அதத்தான் ரெண்டு வருசமா செய்யிதேன்" என்றார். சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவ்வளவு பெரிய மனிதர் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. கல்யாணத்துக்கு ஐந்து நாள்தான் இருந்தது.

போன சனிக்கிழமை ஒன்பது நாற்பது வண்டியில் சரியான கூட்டம். மீன்காரப் பெண்களின் காலிக் கூடைகள் வழியெல்லாம் கிடந்தன. இவர் மூன்றாவது வரிசையில், நான் பக்கத்தில். மாப்பிள்ளையூரணி தாண்டியது. புல்லாங்குழல் தொடங்கியது. கிருபாநிதி வெளியே பார்க்கவில்லை. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து ஒரு எண்ணைத் தட்டினார். மறுமுனையில் எடுத்துவிட்டார்கள் என்பது திரையில் நொடிகள் ஓடியதிலிருந்து தெரிந்தது. இவர் "ஹலோ" என்றுகூடச் சொல்லவில்லை. எழுந்து நின்று, போனைத் தலைக்கு மேலே தூக்கி ஸ்பீக்கரோடு சேர்த்துப் பிடித்தார்.

முதல் சரணம் முடிந்தது. வயலின் வந்தது. எனக்கு இசை தெரியாது. ஆனால் அந்த இடத்தில் நானும் ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தேன். இரண்டாவது சரணமும் முடிந்து, நிலாவைத் திட்டியவன் அடங்கினான். அடுத்த பாட்டு தொடங்குமுன் கிருபாநிதி போனைக் காதுக்குக் கொண்டுபோனார். கொஞ்ச நேரம் கேட்டார். உதடு கோணியது. அழப்போகிறாரா, சிரிக்கப்போகிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.

பிறகு பஸ் முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி ஒரு குரல் கொடுத்தார்.

"ஏலே செந்தூர்வேலு! அந்தப் பாட்ட மொதல்ல இருந்து போடு. சத்தமா வையி. பஸ் எரைச்சல்ல சிவாவுக்குச் சரியாக் கேக்கலையாம்!"

செந்தூர்வேல் கண்ணாடியில் ஒருமுறை பார்த்தார். பார்த்துவிட்டு, ஓரமாக நிறுத்தி, இன்ஜினையே அணைத்துவிட்டார். உப்பளத்து நடுவில், ஒரு பஸ் ஜனம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்க, புல்லாங்குழல் மறுபடியும் தொடங்கியது. கிருபாநிதி போனை ஸ்பீக்கரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். வலக்கை வலிக்கத் தொடங்கியதும், இடக்கையால் அந்த முழங்கையைத் தாங்கிக்கொண்டார்.